கார்டன் வேலைக்கு எந்த விளம்பரம் பலன் தருகிறது? கீழக்கரை முதல் ராமேஸ்வரம் வரை

கேள்வி: 2025 பிப்ரவரி 9, காலை

மதுரையில் ஒரு நர்சரியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான உச்சிப்புளிக்குத் திரும்பியிருக்கிறேன். தை பிறந்ததிலிருந்து கார்டன் போட்டுக் கொடுப்பதும் புல்தரையைப் பராமரிப்பதுமாகத் தனியாகத் தொழில் செய்கிறேன். இரண்டு ஆட்களும் ஒரு புல்வெட்டும் மெஷினும் ஒரு பழைய சுமை வண்டியும் இருக்கின்றன. விளம்பரத்துக்காக 20,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஃபிளெக்ஸ் வை என்று ஒருவர் சொல்கிறார், இன்ஸ்டாகிராமில் போடு என்று இன்னொருவர் சொல்கிறார். ஆண்டுக் கட்டணம் கட்டினால் தினமும் அழைப்பு வரும் என்று ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் வற்புறுத்துகிறார்கள். 3,000 நோட்டீஸ் கொடுத்ததில் வந்தவை இரண்டே அழைப்புகள். இந்தக் கடலோரத்தில் இதே வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்: பணத்தை எதில் போடுவது?

2025 பிப்ரவரி 9, இரவு

பதினோரு ஆண்டுகளாகக் கீழக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இதே வேலையைச் செய்து வருகிறேன். எதில் போடுவது என்று முடிவு செய்வதற்கு முன், உங்களுக்குப் பணம் தரப்போகிறவர் யார், அவர் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நம் பக்கத்தில் மூன்று வகையினர் தோட்டம் போடுகிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி போன்ற ஊர்களில் பெரிய வீடு கட்டிவிட்டு வளைகுடா நாடுகளில் வாழ்கிறவர்கள் முதல் வகையினர். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து விடுதிக்காரர்களும் கல்யாண மண்டபக்காரர்களும் அடுத்தவர்கள். ராமநாதபுரம் நகரை ஒட்டிய பட்டணம்காத்தான், பாரதி நகர் போன்ற பகுதிகளில் வீடு கட்டும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றோர் மூன்றாம் வகையினர். இவர்கள் ஒரே விளம்பரத்தைப் பார்ப்பதுமில்லை, ஒரே காரணத்துக்காகத் தோட்டம் போடுவதுமில்லை. முதல் வகையினரிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் இருப்பவர் ஒருவர், பணம் அனுப்புபவர் வேறொருவர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

2025 பிப்ரவரி 10

நோட்டீஸைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. 2016-இல் நானும் செய்தித்தாளுக்குள் வைத்து 5,000 நோட்டீஸ்களை ராமநாதபுரம் நகரில் கொடுத்தேன். ஒன்பது அழைப்புகள் வந்தன. நான்கு பேர் தென்னை மரம் ஏற ஆள் கேட்டார்கள், இரண்டு பேர் சீமைக் கருவேலத்தை அகற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள், இரண்டு பேர் விலையை மட்டும் விசாரித்தார்கள், ஒருவர் தோட்டம் போட்டார். எல்லா வீட்டுக்கும் கொடுத்ததுதான் தவறு என்று பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டு 200 தாள்களை மட்டும் அச்சடித்து, பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கும் புது வீடுகளைத் தேடிப்போய், மேஸ்திரியிடம் ஒன்றும் வீட்டுக்காரரிடம் ஒன்றுமாகக் கொடுத்தேன். அதில் ஆறு வேலைகள் கிடைத்தன.

உங்கள் நோட்டீஸில் ‘லேண்ட்ஸ்கேப்பிங்’ என்று போட்டிருந்தால் அடுத்த முறை மாற்றிவிடுங்கள். வீட்டுக்காரர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி என்னை அழைத்ததில்லை. ‘கார்டன் போடணும்’, ‘லான் பதிக்கணும்’, ‘புல் வெட்ட வருவீங்களா’ என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் சொல்லே தாளில் இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 15

வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று மனத்துக்குள் வைத்திருந்தேன். இன்றுதான் நேரம் கிடைத்தது.

கீழக்கரையில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனால், வீட்டிலிருக்கும் லாத்தா (அக்கா) எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘தம்பி துபாயில் இருக்கிறார், அவரிடம் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்’ என்பார். அந்தத் தம்பி என்னைப் பார்த்ததில்லை, என் வண்டியைப் பார்த்ததில்லை, நான் வைத்த எந்தப் பலகையையும் பார்க்கப் போவதில்லை. 2019-இல் ஃபேஸ்புக்கில் கீழக்கரையைச் சுற்றி 25 கிலோமீட்டர் வட்டம் போட்டு விளம்பரம் கொடுத்தேன். விருப்பக் குறிகள் நிறைய விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுடையவை. மூன்று வாரத்தில் ஒரு வேலையும் வரவில்லை. பிறகுதான் உறைத்தது: பணம் தருகிறவர் அந்த வட்டத்துக்குள்ளேயே இல்லை.

அடுத்த முறை வட்டத்தை எடுத்துவிட்டு, ஐக்கிய அமீரகத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் காட்டும்படி மாற்றினேன். இப்போது விசாரணைகள் வந்தன, ஆனால் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் வீடு உள்ளவர்கள் கேட்டார்கள். துபாயில் இருக்கும் தமிழர் எல்லாரும் நம் மாவட்டத்தார் இல்லையே. மூன்றாம் முறை, விளம்பரத்தின் முதல் வரியிலேயே ‘கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடியில் உங்கள் வீடு பூட்டியிருக்கிறதா?’ என்று எழுதினேன். மற்ற ஊர்க்காரர்கள் தாமாக விலகிக்கொண்டார்கள். செலவு செய்த 3,500 ரூபாய்க்கு இரண்டு பராமரிப்பு ஒப்பந்தங்கள் கிடைத்தன, அவற்றில் ஒன்று இன்றுவரை தொடர்கிறது.

இருந்தாலும் அந்த மூன்று விளம்பரங்களையும் விட நெடுங்காலம் பலன் தந்தது, காசு செலவில்லாத ஒரு பழக்கம். பராமரிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் நான்கு படங்கள் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புகிறேன். வாசற்படியிலிருந்து ஒன்று, கிணற்றடியிலிருந்து ஒன்று என்று இடம் மாறவே மாறாது. தாம் நட்ட மாங்கன்று மாதத்துக்கு மாதம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறவர், அதைத் தம் குடும்பக் குழுவில் போடாமல் இருப்பதில்லை. அங்கிருந்துதான் அடுத்த அழைப்பு வருகிறது. படத்தை அனுப்பும் நேரமும் முக்கியம். நம்மூரில் இரவு 10 மணி என்றால் துபாயில் 8.30, ரியாதில் 7.30. வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார்கள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஆற அமரப் பார்ப்பார்கள்.

2025 பிப்ரவரி 16

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வெள்ளிக்கிழமை முழு விடுமுறை என்பது சவூதிக்குச் சரி. ஐக்கிய அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். அங்கிருப்பவர்களுக்கு நான் சனிக்கிழமைதான் அனுப்புகிறேன்.

2025 மார்ச் 2

‘படங்களை உரிமையாளருக்கு மட்டும் அனுப்புவானேன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடலாமே’ என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். 2020-இல் நான் கேட்காமல் போட்டேன். புல்தரை அழகாக வந்திருந்த மகிழ்ச்சியில், முன்வாசல் கதவும் தொங்கும் பூட்டும் தெருப்பெயரும் தெரிகிற படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். அன்றிரவே உரிமையாளர் அழைத்து, ‘வீட்டில் ஆள் இல்லை என்பதை ஊருக்கே சொல்லிவிட்டீர்களே’ என்றார். அவர் கோபப்பட்டது முற்றிலும் நியாயம். ஒரு வீட்டின் சாவியை நம்மிடம் தந்திருப்பவருக்கு நான் செய்திருக்கக் கூடாத காரியம் அது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் கதவோ வாகன எண்ணோ தெருவோ தெரிவதில்லை. வீட்டுப் பெண்கள் முற்றத்தில் இருக்கும்போது கைப்பேசியை வெளியே எடுப்பதே இல்லை. என் ஆட்களுக்கும் இதுதான் முதல் பாடம். படங்களை வெளியே காட்ட ஒப்புக்கொண்டவர்கள் யார் என்று நோட்டில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஸ்டேட்டஸைப் பற்றி இன்னொன்று. நாம் அவர் எண்ணையும் அவர் நம் எண்ணையும் சேமித்திருந்தால்தான் அது அவருக்குத் தெரியும். மொத்தமாகச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதுவும் நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே முதல் சந்திப்பிலேயே, அளவெடுத்து முடித்ததும், ‘என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், மதிப்பீட்டை இதிலேயே அனுப்புகிறேன்’ என்று சொல்லி, அவர் சேமிக்கும்வரை கிளம்பாமல் நிற்கிறேன்.

இன்று நோன்பு தொடங்கியிருக்கிறது. பெருநாளுக்கு ஊருக்கு வருகிறவர்களின் வீடுகளில் இந்த மாதம்தான் வேலை அதிகம். அடுத்த குறிப்புக்குச் சில வாரங்கள் ஆகலாம்.

2025 மார்ச் 23

ஃபிளெக்ஸ் வைப்பதா என்ற கேள்விக்கு என் பதில்: வைக்காதீர்கள். அனுமதி பெறாமல் சாலையோரம் பேனர் வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது. 2019 செப்டம்பரில் சென்னையில் ஒரு பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. அதன் பிறகு எனக்கு அந்த எண்ணமே வருவதில்லை. பொது இடச் சுவர்களில் எழுதுவதையும் ஒட்டுவதையும் தண்டனைக்கு உரியதாக்கும் சட்டமும் 1959-ஆம் ஆண்டிலிருந்தே நம் மாநிலத்தில் இருக்கிறது. அதற்கெல்லாம் மேலே, ஆடிக்காற்றில் ஒரு ஃபிளெக்ஸ் இந்தக் கடற்கரையில் எத்தனை நாள் தாங்கும்? கச்சான் காற்று வீசத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஓரம் கிழிந்துவிடும். சாலையோரத்து மரத்தில் ஆணியடித்துப் பலகை மாட்டும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. மரம் வளர்த்துக் கொடுப்பதாகச் சொல்கிறவன் மரத்தில் ஆணியடிப்பதைப் பார்த்து யார் வேலை தருவார்கள்?

எனக்குப் பலன் தந்தது சிறிய பலகைதான். ஒன்றரை அடிக்கு ஒரு அடி. வீட்டுக்காரர் சம்மதித்தால், அவருடைய கம்பி கேட்டின் உட்புறம், தெருவில் நடப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டுகிறேன். ‘இந்தத் தோட்டத்தைப் பராமரிப்பவர்’ என்ற ஒரு வரியும் தொலைபேசி எண்ணும் மட்டும்தான். முதலில் இரும்புத் தகட்டில் செய்தேன். கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருந்த வீடுகளில் ஓராண்டுக்குள் எழுத்தின் மேல் துரு வழிந்தது. இப்போது அலுமினியப் பலகையும் துருப்பிடிக்காத திருகாணிகளும்தான்.

இந்தப் பலகையில் ஓர் ஆபத்து உண்டு, அதை அனுபவித்தே கற்றேன். மண்டபத்தில் ஒருவர் பராமரிப்பை நிறுத்திக்கொண்டார். பலகையைக் கழற்ற நான் மறந்துவிட்டேன். சித்திரை முழுவதும் தண்ணீர் விடாமல் காய்ந்து வைக்கோலாகிப் போன புல்தரைக்கு முன்னால் என் எண் தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர் வீடு அது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கில்லை. பராமரிப்பு நின்ற அன்றே பலகையையும் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, காய்ந்ததை வெட்டியெடுத்துவிட்டுப் பலகையைக் கழற்றினேன்.

வண்டியின் பக்கவாட்டில் எழுதுவது நிச்சயம் செய்ய வேண்டிய செலவு. சுமை வண்டி ஒரு வீட்டு வாசலில் காலை முதல் மாலை வரை நிற்கிறது, எதிர்வீட்டுக்காரர் நாள் முழுதும் அதைப் பார்க்கிறார். படம் வேண்டாம், பூக்கோலம் வேண்டாம். எண் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு.

2025 ஏப்ரல் 13

இந்த மாதம் 6-ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரிலிருந்து தீவுக்குள் வராமல் இருந்த ரயில் மறுபடியும் வருகிறது. ராமேஸ்வரத்து விடுதிக்காரர்கள் முகப்பைச் சீர்செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களிடம் ஃபேஸ்புக், நோட்டீஸ் எதுவும் எடுபடாது. விடுதி மேலாளரைக் காலை 11 மணிக்கு, அறைகளைக் காலி செய்து கொடுத்த பிறகான ஓய்வில், நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பேசுவதைவிட, வாசலில் ஆறு தொட்டிச் செடிகளைப் பத்து நாளைக்கு இலவசமாக வைத்துவிட்டு வருவது நல்லது. எடுக்கப் போகும்போது பெரும்பாலும் ‘இருக்கட்டும், மாத வாடகை எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள். கல்யாண மண்டபங்களிலும் புதுமனைப் புகுவிழா வீடுகளிலும் தொட்டிகளை வாடகைக்கு வைப்பதும் இதே வகைதான். ஒரே நாளில் முந்நூறு நானூறு பேர் அவற்றைக் கடந்து போகிறார்கள்.

2025 மே 18

இன்று எழுதப் போவதுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. விளம்பரத்தில் எதைக் காட்டுவது?

கார்த்திகை மாதத்தில் இந்த மாவட்டத்தில் எது பச்சையாக இல்லை? அப்போது எடுத்த படத்தைப் போட்டு ‘எங்கள் தோட்டம்’ என்றால் நம்மூர்க்காரர் யாரும் அசைய மாட்டார். அவர் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ‘எங்கள் போர் தண்ணீர் உப்பு, இதில் புல் நிற்குமா?’ அழகைப் பற்றி அவருக்கு ஐயமில்லை, நிற்பதைப் பற்றித்தான் ஐயம். ஆகவே அக்னி நட்சத்திரத்தில், இந்த வாரத்தைப் போன்ற வெயிலில், மூன்று வயதான ஒரு புல்தரையைப் படம் எடுங்கள். படத்தின் கீழே ஊர், மாதம், ஆண்டு, அந்த வீட்டுத் தண்ணீரின் உப்பளவு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். ‘பெரியபட்டினம், வைகாசி, மூன்றாம் ஆண்டு, டிடிஎஸ் 2,100’ என்ற படத்துக்கு வந்த அழைப்புகள், நான் இதுவரை போட்ட எல்லா வண்ணப் படங்களுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் போகும் எந்த வீட்டிலும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியே அளந்து, எண்ணை ஓர் அட்டையில் கையால் எழுதி, தேதி போட்டுக் கொடுக்கிறேன். குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது; கடல்நீர் ஏறக்குறைய 35,000. இந்த இரண்டையும் அட்டையில் அச்சிட்டிருப்பதால் தம் எண் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கே புரிகிறது. அந்த அட்டையைப் பெரும்பாலான வீடுகளில் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் செருகி வைத்துவிடுகிறார்கள். விசிட்டிங் கார்டு எந்த வீட்டிலும் அத்தனை நாள் இருந்து நான் பார்த்ததில்லை. அளப்பதை விளம்பரமாகவும் எழுதினேன்: ‘உங்கள் தண்ணீரை இலவசமாக அளந்து, எது வளரும் என்று சொல்கிறோம்.’

அளந்த பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும். உப்பு மிகுந்த தண்ணீரில் பாஸ்பாலம் புல் நன்றாகத் தாங்கும், அருகு வகைகள் அதற்கு அடுத்தபடி. அவையும் தாங்காத இடங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. வாலிநோக்கம் பக்கத்தில் ஒருவர் இரண்டாயிரம் சதுர அடிக்குப் புல் கேட்டார். தண்ணீரை அளந்து பார்த்துவிட்டு, ‘ஒரு சதுர அடிகூடப் பதிக்காதீர்கள்’ என்றேன். புன்னை, பூவரசு, காகிதப்பூ, வேலியோரம் தாழை என்று நட்டுக் கொடுத்தேன். அரளியும் உப்புக் காற்றைத் தாங்கும், ஆனால் ஆடும் குழந்தையும் அண்டும் இடத்தில் அந்த நச்சுச் செடியை நான் வைப்பதில்லை. எனக்கு அந்த வேலையில் கிடைத்தது, புல் பதித்திருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் நான்கில் ஒரு பங்குதான். அவர் வழியாக அடுத்த ஆண்டுக்குள் நான்கு வீடுகள் வந்தன. நால்வரும் சொன்ன வாக்கியம் ஒன்றே: ‘வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தானா?’

2025 மே 20

‘காவிரிக் கூட்டுக் குடிநீருக்குப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் புல்தரையை விளம்பரம் செய்வது முறையா?’ என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை, பல ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது.

கணக்கை வெளிப்படையாகவே வைக்கிறேன். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று அளவாகவே கணக்கிட்டாலும் 460 லிட்டருக்கு மேல் வேண்டும். இதைத் தெரிந்த பிறகு, ‘முற்றம் முழுவதும் பச்சைக் கம்பளம்’ என்று முன்பு நான் போட்டுவந்த வரியை 2022-இல் எடுத்துவிட்டேன். இப்போது ‘200 சதுர அடி புல் போதும், மற்றதற்கு நிழல் மரம்’ என்று எழுதுகிறேன். அதற்கு 93 லிட்டர் போதும். கை கால் கழுவும் தண்ணீரையும் தொழுகைக்கு முன் ஒளு செய்யும் தண்ணீரையும் திருப்பிவிட்டாலே பல வீடுகளில் இந்த அளவு கிடைத்துவிடுகிறது. ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை மட்டும் அளக்காமல் விடாதீர்கள். உப்பு அதில்தான் திரண்டிருக்கும். குடிநீர்க் குழாயிலிருந்து புல்லுக்கு விடுகிற வீட்டில் நான் பராமரிப்பு ஏற்பதில்லை என்பதையும் விளம்பரத்திலேயே சொல்கிறேன். அதனால் சிலர் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

2025 ஜூன் 8

நேற்றுப் பெருநாள் என்பதால் இன்று வேலை இல்லை. பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததில், பல இடங்களில் நான் சொல்லிவந்த ஒன்று தவறு என்று தெரிந்தது.

வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ‘எங்களை எப்படித் தெரியும்?’ என்று கேட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அந்தக் கணக்குப்படி பாதிக்கு மேற்பட்டவர்கள் கூகுள் வழியாக வந்தவர்கள். ஆகவே கூகுளே போதும் என்று நண்பர்கள் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு முதல் இரண்டாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: ‘அதற்கு முன்னால் எங்களைப் பற்றி யாராவது சொன்னார்களா?’ கூகுள் என்று சொன்னவர்களில் பத்துக்கு ஏழு பேர், ‘ஆமாம், மச்சான் வீட்டில் பார்த்தோம், எண்ணைத்தான் கூகுளில் தேடினோம்’ என்றார்கள். மக்கள் கடைசியாகப் பார்த்ததைச் சொல்கிறார்கள், முதலில் கேட்டதைச் சொல்வதில்லை. நான் பொய்யான கணக்கு எழுதவில்லை. ஒரு கேள்வி குறைவாகக் கேட்டிருக்கிறேன். ஆகவே தொடக்கத்திலிருந்தே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

2025 ஜூலை 20

அப்படியானால் கூகுள் வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். மச்சான் வீட்டில் பார்த்தவர் எண்ணைத் தேடும்போது நீங்கள் அங்கே இல்லையென்றால், வேறொருவர் எண் கிடைக்கும். கூகுளில் தேடுகிறவருக்கு நம் தொழிலையும் எண்ணையும் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலை செய்யும் ஊர்களை மட்டும் குறிக்கலாம். தொழிற்பெயரோடு ஊர்ப்பெயர்களையும் சேவைகளையும் கோத்து நீட்டாதீர்கள், அது அவர்கள் விதிக்கு எதிரானது. ஊர்ப்பெயர்களை விளக்கப் பகுதியில் எழுதலாம். ஆங்கிலத்தில் கீழக்கரையை இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், ராமநாதபுரத்தை ராம்நாடு என்று தேடுகிறவர்களும் பலர். எல்லா வடிவங்களும் அங்கே இருக்கட்டும்.

மதிப்புரைக்குப் பணமோ தள்ளுபடியோ தருவதும் விதிமீறல். கேட்பதில் தவறில்லை. நான் கேட்கும்போது, ‘எந்த ஊர், எத்தனை ஆண்டாகப் புல் நிற்கிறது என்பதை எழுதுங்கள்’ என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். ‘மிக நன்று’ என்ற இரண்டு சொல்லால் யாருக்கும் பயனில்லை.

ஆண்டுக் கட்டணம் கேட்கும் பட்டியல் நிறுவனத்தைப் பற்றி: இதே போன்ற ஒன்றில் நான் 2018-இல் 14,000 ரூபாய் கட்டினேன். வந்த விசாரணைகளில் பாதி மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவை. மீதியை எங்களில் நான்கைந்து பேருக்கு ஒரே நேரத்தில் கொடுத்திருந்தார்கள். யார் விலையை அதிகம் குறைக்கிறாரோ அவருக்கே வேலை கிடைத்தது. பெருநகரத்தில் அது பயன்படலாம், நம் ஊர்களுக்கு வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 24

இன்ஜினியர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் கமிஷன் தரலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. மூன்று ஆண்டுகள் தந்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். கமிஷனை ஈடுகட்ட விலையை ஏற்றினேன், வீட்டுக்காரர் ஒரு நாள் அதைக் கண்டுபிடித்துக் கேட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது அவர்களுக்கு வேறு விதத்தில் உதவுகிறேன். குடிபுகும் நாளுக்கு முந்தைய வாரம் சிமெண்டும் ஜல்லியும் சிதறிக் கிடக்கும் முற்றத்தை என் ஆட்கள் ஒரு நாளில் துப்புரவு செய்து, மண் நிரவிக் கொடுக்கிறார்கள். இன்ஜினியருக்கு அது பெரிய சுமை குறைந்ததுபோல. வீட்டுக்காரர் முதன்முதலாக என்னைப் பார்ப்பதும் அந்த நாளில்தான்.

2025 செப்டம்பர் 14

பாம்பனின் கடல் ஓசை வானொலியில் விளம்பரம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அது மீனவர்களுக்காக நடக்கும் சமுதாய வானொலி. காற்றையும் கடலையும் பற்றிக் கேட்கிறவர்கள் அதன் நேயர்கள். தோட்டம் போடுகிறவர்களைத் தேடி அங்கே போக வேண்டாம். வேலைக்கு ஆள் தேவைப்படும்போது, அங்கே கேட்பதைத்தான் முதலில் நினைப்பேன்.

கேள்வி கேட்டவர்: 2025 அக்டோபர் 25

எட்டு மாதக் கணக்கைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வண்டியில் எழுத 4,000, ஆறு அலுமினியப் பலகைகளுக்கு 3,600, மீட்டருக்கும் அட்டைகளுக்கும் 1,500, நோட்டீஸ் 200-க்கு 1,000. மொத்தம் 10,100 ரூபாய். 23 விசாரணைகள், எட்டு வேலைகள், அவற்றில் ஐந்து மாதப் பராமரிப்பு. நீங்கள் சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டேன் அண்ணே. எட்டில் மூன்று அட்டை வழியாக வந்தவை, இரண்டு வண்டியைப் பார்த்து, மூன்று ஒரே லாத்தாவின் உறவுக்காரர்கள். மீதி 9,900 ரூபாய்க்கு ராமேஸ்வரம் சாலையில் அனுமதியோடு ஒரு பெரிய பலகை வைக்கலாமா?

2025 அக்டோபர் 26

தம்பி, அந்த லாத்தாவின் வீட்டுக்கு ஒரு மாதப் புல்வெட்டைக் காசு வாங்காமல் செய்துவிடுங்கள். பெரிய பலகை வேண்டாம். ராமேஸ்வரம் சாலையில் போகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ப் பயணிகள், அவர்கள் வீட்டுத் தோட்டத்துக்கு நீங்கள் போக முடியாது. பங்குனி வரை பணத்தைத் தொடாதீர்கள். பங்குனியில், ஊருக்கு வர இருப்பவர்களை நோக்கி, நீங்கள் எடுத்த படங்களோடு ஃபேஸ்புக்கில் 3,500 ரூபாய்க்கு ஒரு விளம்பரம் கொடுத்துப் பாருங்கள். முதல் வரியில் ஊர்ப்பெயரை மறக்க வேண்டாம்.

மே மாதத்தில் நான் எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. வெயில் காலத்துப் படம் மட்டும் போதும் என்பதுபோல் எழுதிவிட்டேன். நம் பக்கத்தில் புல் வெயிலில் சாவதைப் போலவே ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கியும் அழுகிப் போகிறது. பள்ளமான மனை வைத்திருப்பவருக்கு அந்தப் பயம்தான் பெரிது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. கனமழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில், தண்ணீர் வடிந்து நிற்கும் புல்தரையை எடுத்து வையுங்கள், நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். சேதுக்கரைக்குப் பக்கத்தில் போன ஆண்டு நான் வடிகால் வெட்டிக் கொடுத்த வீட்டுக்கு நாளைக் காலை போகிறேன். உரிமையாளர் சம்மதித்தால் படத்தை இங்கே இடுகிறேன். தண்ணீர் தேங்கி நின்றாலும் அதையே இடுகிறேன்.